குருவின் குற்றத்தை மறைப்பதும் குற்றமே

1994-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பெண், சோக்யால் ரின்போச்சே என்ற திபெத்திய பௌத்த ஆசிரியர் மீது வழக்குத் தொடுத்தார். ஆறுதலும் வழிகாட்டலும் தேடி வந்த தன்னை அவர் பாலியல் உறவுக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது. அதன் பிறகு 23 ஆண்டுகள் அவர் ரிக்பா என்ற தம் அமைப்பின் தலைமைக் குருவாகவே இருந்தார். வாழ்வையும் மரணத்தையும் பற்றிய அவருடைய நூல் உலகமெங்கும் விற்றது. தெற்கு பிரான்ஸில் லெராப் லிங் என்ற அவருடைய மையத்தில் பெரிய கோயில் எழுந்தது. 2017 ஜூலையில் நெடுங்கால மாணவர்கள் எட்டுப் பேர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வெளிவந்த பிறகுதான் எல்லாம் உடைந்தது. அடி, அவமதிப்பு, பாலியல் சுரண்டல், காணிக்கைப் பணத்தில் ஆடம்பரம் என்று அதில் ஒவ்வொன்றும் விவரிக்கப்பட்டிருந்தது.

லூயிஸ் சில்கின் என்ற லண்டன் சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை 2018 செப்டம்பரில் வெளியானது. மாணவர்கள் சிலர் உடல், மனம், பாலியல் என மூன்று வகையிலும் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டது உண்மை என்றது அறிக்கை. அதோடு நிற்கவில்லை. அமைப்பின் மூத்த பொறுப்பாளர்கள் சிலருக்கு இவற்றில் சிலவாவது முன்பே தெரிந்திருந்தும் தடுக்கவில்லை, அதனால் மற்றவர்களும் ஆபத்தில் விடப்பட்டார்கள் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு மனிதரின் வக்கிரம் இத்தனை ஆண்டுகள் நீடிக்க அவர் மட்டும் போதாது. வாயில் காத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், அழுதுகொண்டு வந்த பெண்ணிடம் ‘இது உன் கர்மம் கரையும் நேரம்’ என்று சமாதானம் சொன்னவர்கள் எல்லோரும் வேண்டும். சோக்யால் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறாமலே 2019-இல் தாய்லாந்தில் இறந்தார்.

இது ஒரு மரபின் நோய் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் பல்லாண்டு போதித்த ஜப்பானிய ஜென் ஆசிரியர் ஜோஷு சசாகியைப் பற்றிய உண்மைகளை, அவரிடம் முன்பு துறவியாக இருந்த ஒருவர் 2012-இல் பகிரங்கமாக எழுதினார். அப்போது சசாகிக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. சீனாவில் 2018-இல் பெய்ஜிங் லோங்சுவான் மடத்தின் தலைவர் சுவேசெங், பிக்குணிகளைப் பாலியல் உறவுக்கு வற்புறுத்தியதாக அதே மடத்துத் துறவிகள் இருவர் 95 பக்க அறிக்கை தயாரித்தார்கள். சுவேசெங் அப்போது சீன பௌத்த சங்கத்துக்கே தலைவர். மடத்தில் முறையிட்டாலும் அவரிடம், மேலிடத்தில் முறையிட்டாலும் அவரிடம்!

படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? குரு முதலில் உடலைத் தொடுவதில்லை, நம்பிக்கையைத்தான் தொடுகிறார். ‘உன்னிடம் தனித் தகுதி இருக்கிறது’ என்பார். தனிப் போதனைக்கு அழைப்பார். கூச்சம் வந்தால் அது உன் அகங்காரம் என்பார். சந்தேகம் வந்தால் அதுவே பயிற்சிக்குத் தடை என்பார். திபெத்திய பௌத்தம் பின்பற்றும் வஜ்ரயான மரபில் குருவோடு செய்துகொண்ட உறுதிமொழியை மீறினால் நரகம் என்ற அச்சமும் சேர்ந்துவிடும். இதற்குள் வீட்டையும் வேலையையும் விட்டு ஆசிரமத்துக்கே வந்துவிட்ட மாணவருக்கு வெளியே தெரிந்தவர் என்று எவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். இந்த நிலையில் ஒருவர் சொல்லும் ‘சரி’ சம்மதம் ஆகாது.

பௌத்தத்தின் பெயரால் மௌனம் கேட்கிறார்களே, அந்த பௌத்தம் உண்மையில் என்ன சொல்கிறது? துறவிகளுக்கான விநய விதிகளைப் பாருங்கள். உடலுறவு கொண்ட பிக்கு அந்தக் கணமே பிக்கு நிலையை இழக்கிறார். காமத்தோடு பெண்ணைத் தொடுவதும், ஆபாசமாகப் பேசுவதும் அதற்கு அடுத்த பெருங்குற்றங்களான சங்காதிசேசங்களில் அடங்கும். அவற்றில் நான்காவது விதி என்னைத் திடுக்கிட வைத்தது: என்னைப் போன்ற ஒழுக்கமுள்ளவனுக்கு உடலால் பணிவிடை செய்வதே உயர்ந்த தொண்டு என்று ஒரு பெண்ணிடம் பேசுவதே குற்றம். இன்றைய குருமார்களின் அதே வசனத்தை அன்றே கண்டுபிடித்துத் தடுத்திருக்கிறார்கள். சங்காதிசேசக் குற்றம் செய்த பிக்கு எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள் கூடுதலாக ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். இன்னொரு பிக்குவின் பெருங்குற்றத்தைத் தெரிந்தே மறைப்பவரும் குற்றவாளி என்று தனியாக ஒரு விதி உண்டு. பிக்குவும் பெண்ணும் தனித்திருந்ததை நம்பத்தக்க இல்லறப் பெண் ஒருத்தி பார்த்துச் சொன்னால், சங்கம் விசாரிக்க வேண்டும். விசாகை என்ற உபாசகி அப்படிச் சொன்னதிலிருந்து பிறந்த விதி அது. குருபக்தியைப் போற்றும் ‘குருபஞ்சாசிகா’ என்ற நூல்கூட, தன்னால் இயலாததைப் பணிவாக எடுத்துச் சொல்லி விலக மாணவருக்கு இடம் தருகிறது.

ஆனால் சோக்யால் துறவி அல்லர். ஜென், திபெத்திய மரபுகளில் இன்று போதிப்பவர்கள் பலர் இல்லறத்தார். விநயம் அவர்களைக் கட்டாது. ஆகவே ஒவ்வொரு மையத்துக்கும் எழுதப்பட்ட நடத்தை விதி வேண்டும். 1993-இல் தர்மசாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்த மேற்கத்திய பௌத்த ஆசிரியர்கள், குருவின் தவறான நடத்தையைப் பகிரங்கப்படுத்தலாம் என்ற கருத்தை வெளிப்படையாகவே முன்வைத்தார்கள். அதைக் கேட்டு நடந்திருந்தால் ரிக்பாவில் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

தியான முகாமிலோ மடத்திலோ சேரும் முன் கேளுங்கள்: ஆசிரியர் மீது புகார் வந்தால் யாரிடம் சொல்வது? அந்த நபர் ஆசிரியரால் நியமிக்கப்பட்டவரா? அறங்காவலர்கள் அவரை நீக்க முடியுமா? கணக்கு உறுப்பினர்களுக்குக் காட்டப்படுகிறதா? தனி நேர்காணல் நடக்கும் அறை பிறர் கண்ணில் படும்படி இருக்கிறதா? இதைக் கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடத்தில் தங்க வேண்டாம். தெளிவான நடைமுறை, நேர்மையான ஆசிரியரைப் பொய்ப் புகாரிலிருந்தும் காக்கும்.

தீங்கு நடந்துவிட்டால், உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குறுஞ்செய்திகள், கடிதங்கள், படங்கள் எதையும் அழிக்க வேண்டாம். தேதி, இடம், உடனிருந்தவர் விவரங்களை எழுதி, நம்பும் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பாலியல் வன்முறை என்றால் மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இந்தியாவில் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே இலவசமாகச் சிகிச்சை தரக் கடமைப்பட்டவை.

சம்பவம் புத்தகயையில் நடந்திருந்தாலும் தர்மசாலாவில் நடந்திருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். சம்பவ இடம் எங்கள் எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டம் இடம் தரவில்லை. நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் செய்யும் வல்லுறவுக்கு இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-ஆம் பிரிவில் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். வல்லுறவு என்ற வரையறைக்குள் வராவிட்டாலும், அதிகாரத்தையோ நம்பிக்கை உறவையோ பயன்படுத்தித் தன் பொறுப்பில் உள்ள பெண்ணை இணங்கவைத்தால் 68-ஆம் பிரிவில் 5 முதல் 10 ஆண்டு. மையத்தில் சம்பளமின்றித் தொண்டு செய்யும் பெண்ணும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி புகார் தரலாம், ஆனால் அதற்கு 3 மாதக் கெடு உண்டு. பாதிக்கப்பட்ட வயதுவந்த ஆணுக்கு இந்தப் பாலியல் பிரிவுகள் உதவா. இது சட்டத்தில் உள்ள பெருங்குறை, சரிசெய்யப்பட வேண்டும். அதுவரை அவர் தாக்குதல், மிரட்டல், சட்டவிரோத அடைப்பு போன்ற பிரிவுகளில் புகார் தர வழி இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் எந்தத் தயக்கத்துக்கும் இடமில்லை. புத்தகயையில் தியானப் பள்ளியில் தங்கிப் படித்த அசாம் சிறுவர்கள் சொன்னதன் பேரில் 2018-இல் ஒரு பிக்கு கைது செய்யப்பட்டார். சமய நிறுவனத்தைச் சேர்ந்தவரே அங்குள்ள குழந்தையிடம் செய்யும் கடும் பாலியல் வன்முறைக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குறைந்தது 20 ஆண்டு சிறை. தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத் தலைவரே தம் கீழ் உள்ளவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. இந்தியாவில் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. சிறு வயதிலேயே பிள்ளைகளைத் துறவுக்குச் சேர்க்கும் வழக்கமுள்ள இலங்கையில் குழந்தைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938.

நீங்கள் நிர்வாகக் குழுவில் இருப்பவரா? புகார் வந்த அன்றே ஆசிரியரைப் போதனையிலிருந்து விலக்கி வையுங்கள். விசாரணையை வெளியாரிடம் கொடுங்கள். ரகசிய ஒப்பந்தம் போட்டு வாயடைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பையும் கருணையையும் போதிக்கும் வேலை உங்களுடையதல்ல. வல்லுறவுக்கு ஆளானவரின் பெயரைப் பரப்பினால் சட்டமும் உங்களைத் தண்டிக்கும்.

பல ஆண்டு கடந்த விஷயம் என்று சோர்ந்திருப்பவர்களுக்கு: 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இந்தியாவில் வழக்குத் தொடுக்கக் காலவரம்பு கிடையாது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் பொருந்தும். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம்.