சுவருக்குள் என்ன இருக்கிறது?

ஒரு நாள் காலை உங்கள் பள்ளியின் மாடி வகுப்பறையில் சுவரெல்லாம் ஈரம். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் எங்கோ கசிகிறது. குழாய் பழுதுபார்ப்பவர் வருகிறார். சுவரைத் தட்டிப் பார்த்து ஓர் இடத்தில் உடைக்கிறார். குழாய் அங்கே இல்லை. இன்னோர் இடத்தில் உடைக்கிறார். அங்கும் இல்லை. "குழாய் எந்த வழியாகப் போகிறது என்பது கட்டின மேஸ்திரிக்குத்தான் தெரியும்" என்கிறார். அந்த மேஸ்திரியோ ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன!

கசிவை அடைக்க அரைமணி நேரம் போதும். கசியும் இடத்தைத் தேடத்தான் ஒரு நாள் முழுவதும் ஆகிறது. கட்டடத்தைக் கட்டுவது இரண்டு, மூன்று ஆண்டு வேலை. அதைப் பேணிக் காப்பதோ 50, 100 ஆண்டு வேலை. அத்தனை காலமும் வேண்டிய செய்திகளை ஒரு மனிதரின் நினைவில் மட்டும் விட்டுவைக்கலாமா?

ஆயிரம் அறைகள் கொண்ட அரங்கம்

ஒரு பள்ளிக்கூடத்துக்கே இந்தப் பாடு என்றால் பெரிய கட்டடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் சிட்னி துறைமுகக் கரையில் உள்ள ஓபரா அரங்கை எடுத்துக்கொள்வோம். காற்றில் விரிந்த பாய்களைப் போன்ற அதன் கூரையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1959-இல் வேலை தொடங்கி, 1973-இல் அரங்கம் திறக்கப்பட்டது. உள்ளே சுமார் 1,000 அறைகள். கூரையில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். மின்கம்பியின் நீளம் 645 கிலோமீட்டர். அரங்கைக் குளிர்விக்கக் கடல்நீரைச் சுற்றிவரச் செய்யும் குழாய்கள் மட்டும் 35 கிலோமீட்டர்!

இதை வடிவமைத்தவர் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன். வேலை முடியும் முன்பே, 1966-இல், அவர் விலகிவிட்டார், 2008-இல் காலமானார். கட்டியவர்கள் போய்விடுகிறார்கள், கட்டடம் நிற்கிறது.

வரைபடங்கள் இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் ஒரு தாளில் சுவர் இருக்கும், வேறொரு தாளில் மின்கம்பி, மற்றொன்றில் குழாய். பிறகு செய்த மாற்றங்கள் எதிலும் ஏறாமலே போயிருக்கலாம்.

கோடு அல்ல, பொருள்

காகித வரைபடத்தில் கதவு என்பது சில கோடுகள்தாம். அது கதவு என்று நமக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது. கணிப்பொறியில் கோடுகளுக்குப் பதிலாகப் பொருள்களையே பதிந்து வைத்தால் என்ன? அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-ஆம் ஆண்டிலேயே இந்த எண்ணத்தை எழுதி வெளியிட்டார். அது வளர்ந்ததுதான் 'கட்டடத் தகவல் மாதிரி'. பொறியாளர்கள் இதைச் சுருக்கமாக 'பிம்' என்கிறார்கள்.

இந்த மாதிரியில் கதவு தன்னைப் பற்றிய செய்திகளோடு இருக்கிறது: எந்தச் சுவரில் இருக்கிறது, எதனால் ஆனது, தீயை எவ்வளவு நேரம் தாங்கும், எப்போது பொருத்தப்பட்டது. நீர்ப்பம்புக்கு அதன் வரிசை எண், வாங்கிய நாள், உத்தரவாதக் காலம், அடுத்த பழுதுபார்ப்பு நாள் எல்லாம் உண்டு. பொருள்கள் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தவும் பட்டிருக்கின்றன. கசியும் குழாயைத் திரையில் தொட்டால் போதும். எந்த வால்வை மூட வேண்டும், மூடினால் எந்தெந்த அறைகளுக்குத் தண்ணீர் நிற்கும் என்று மாதிரி சொல்லிவிடும். பிறகு ஓர் இடத்தில் மட்டும் சுவரை உடைத்தால் போதும்.

கட்டடக் கலைஞர் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி நிரலையும் மின்பொறியாளர் வேறொரு நிறுவனத்தின் நிரலையும் பயன்படுத்தினால்? ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. அதற்காகவே 'ஐ.எஃப்.சி.' என்னும் பொதுமொழி உருவாக்கப்பட்டது. அது 2013-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. செய்தி கைமாறுவதில் உள்ள இத்தகைய குறைகளால் 2002-இல் அமெரிக்காவில் பெரிய கட்டடங்கள், ஆலைகள் துறையில் ஏற்பட்ட இழப்பு 1,580 கோடி டாலர் என்று ஓர் அரசு ஆய்வு மதிப்பிட்டது. இதில் 1,060 கோடியைச் சுமந்தவர்கள் கட்டடங்களின் உரிமையாளர்களும் அவற்றைப் பராமரிப்பவர்களும்தான்!

சிட்னி ஓபரா அரங்கையே சோதனைக் களமாகக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியாயிற்று. பழைய கட்டடத்தின் பராமரிப்புக்கும் இத்தகைய மாதிரி பயன்படும் என்று அது காட்டியது. பழைய கட்டடங்களை லேசர் ஒளியால் அளந்து மாதிரி செய்யலாம். ஆனால் லேசர் சுவரின் மேற்பரப்பைத்தான் காணும். உள்ளே இருப்பதை வரைபடங்களிலிருந்தும் நேரில் சோதித்தும்தான் சேர்க்க வேண்டும்.

பொய் சொல்லும் மாதிரி

ஓர் எச்சரிக்கை. நேற்று மாற்றிய வால்வை இன்று பதியாவிட்டால், நாளை மாதிரி பொய் சொல்லும். தவறான வரைபடம், வரைபடமே இல்லாததைவிட மோசமானது.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. 2017 ஜூன் 14 அன்று இலண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் தீப்பிடித்து 72 பேர் மாண்டனர். புதுப்பிக்கும்போது வெளிச்சுவரில் பொருத்திய எரியக்கூடிய தகடுகள் வழியாகத் தீ பரவியது. இதையடுத்து ஜூடித் ஹாக்கிட் என்னும் பொறியாளர் தலைமையில் பாதுகாப்பு விதிகள் ஆராயப்பட்டன. உயர்ந்த கட்டடங்களில் என்னென்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்ற பதிவைக் கணிப்பொறியில் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்று 2018-இல் வெளியான அவரது அறிக்கை பரிந்துரைத்தது. பதிவு மட்டும் தீயை அணைத்துவிடாது. ஆனால் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே அறிய அது உதவும்.

நீங்களும் செய்யலாம்

கணிப்பொறி இல்லாமலே இதைத் தொடங்கலாம். உங்கள் வகுப்பறையின் படத்தை ஒரு நோட்டில் வரையுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் மின்விசிறிக்கும் சன்னலுக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்தச் சுவிட்ச் எதை இயக்குகிறது, எது எப்போது பழுதானது என்று எழுதி வாருங்கள். நீங்கள் பள்ளியை விட்டுப் போகும்போது அந்த நோட்டை அடுத்த வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள். மேஸ்திரியைத் தேடி அவர்கள் அலைய வேண்டியிராது!