உப்பு மூட்டையிலிருந்து குளோரின்!

சயான்வாசிகளுக்கு உப்பளம் புதிய சங்கதி அல்ல. பக்கத்து வடாலாவில் 'சால்ட் பேன் ரோடு' என்று ஒரு சாலையே உண்டு. பாண்டுப், முலுண்டு பக்கம் போய் வந்தவர்கள் பாத்தி பாத்தியாகக் கிடந்த உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். தாராவியிலுள்ள நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கோ சொல்லவே வேண்டாம். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில்தான். அதிலும் பெரும் பங்கு தூத்துக்குடியுடையது.

அந்த உப்பை மூட்டை மூட்டையாக நீச்சல் குளத்தில் கொட்டுகிறார்கள் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். சயான் வட்டாரத்துக் குடியிருப்பு ஒன்றில் குளத்தைப் பராமரிக்கும் தம்பி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாயாரிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

தாதரிலும் செம்பூரிலும் மாநகராட்சியின் பெரிய நீச்சல் குளங்கள் இருக்கின்றன. இவை போக, புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் சின்னச் சின்னக் குளங்கள் வந்துவிட்டன. குளிப்பவர்கள் மாடியில் இருப்பவர்கள். பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். ஆகவே இந்த இயந்திரத்தின் சூட்சுமத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

சிலிண்டரும் சிட்டிகையும்

"உப்புக் குளத்தில் குளோரினே கிடையாது" என்று பலரும் எண்ணுகிறார்கள். தவறு. குளோரின் உண்டு, அதை வெளியிலிருந்து கொண்டுவராமல் அங்கேயே தயாரித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. பம்ப் அறையில், வடிகட்டியைத் தாண்டிய குழாயில் 'செல்' என்ற ஓர் உருளை பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே ருத்தேனியம் பூச்சுள்ள டைட்டேனியத் தகடுகள். உப்புத் தண்ணீர் அவற்றினூடே ஓடும்போது மின்சாரம் பாய்ந்தால், உப்பிலுள்ள குளோரின் பிரிந்து நீரிலேயே கரைந்து கிருமிகளைக் கொல்கிறது. வேலை முடிந்ததும் அது மறுபடியும் உப்பாகிவிடுகிறது. எனவே உப்பு தீர்வதில்லை. மேலே தெறித்துப் போவதும், வடிகட்டியைக் கழுவும்போது போவதும், மழையில் வழிந்து போவதும்தான் நட்டம்.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு ஒரு நாளில் தேவைப்படும் குளோரின் ஏறத்தாழ 120 கிராம். ஒரு டம்ளர் சர்க்கரையின் எடைகூட இல்லை! இயந்திரம் இதை மணிக்குச் சில கிராம்களாக உண்டாக்குகிறது; உண்டாக்கியதை உடனே தண்ணீரில் கலந்துவிடுகிறது. சேர்த்து வைப்பதில்லை.

சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் அருகிலேயே பார்த்தோம். 2010 ஜூலை 14 அதிகாலையில், சிவ்ரியில் துறைமுகத்துக்குரிய இடத்தில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த குளோரின் சிலிண்டர் கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர் படை வீரர்கள்மீது அவிழ்த்துவிட்டதும் இதே வாயுதான். உப்பு மூட்டை கசிந்தால் யாருக்கும் மூச்சு முட்டாது. இந்த இயந்திரத்தின் பெருமை இதில்தான் இருக்கிறதே தவிர, கண் எரியாது, தோல் வறளாது என்ற பேச்சிலெல்லாம் இல்லை என்பது என் எண்ணம்.

எந்த உப்பு? எவ்வளவு?

லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் வரை உப்பு இருந்தால் பெரும்பாலான இயந்திரங்களுக்குப் போதும். கடல் நீரில் இருப்பதோ லிட்டருக்கு 35 கிராம். மேலே சொன்ன குளத்துக்கு மூன்றரை கிராம் வீதம் 210 கிலோ. நான்கு மூட்டைக்குச் சற்று அதிகம். பிறகு சோதிக்கும்போது அளவு இரண்டரை கிராமாக இறங்கியிருந்தால் இன்னும் 60 கிலோ கொட்ட வேண்டும். உப்பு குறைந்த தண்ணீரில் இயந்திரத்தை வற்புறுத்தி ஓட்டினால் தகடுகள் சீக்கிரம் கெடும்.

"உப்பளத்துக் கல் உப்பு மலிவாயிற்றே, அதையே போட்டால் என்ன?" என்று நெல்லைத் தம்பியின் சொசைட்டியில் கேட்டார்களாம். அவர் உப்பளத்து ஊர்க்காரர், மறுத்துவிட்டார். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்கிறதே, அதற்குக் காரணம் அதிலுள்ள மக்னீசியம். கால்சியமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இவை செல்லில் போய்ப் படியும். இரும்புச் சத்து இருந்தால் தரையில் கறை விழும். 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான, அயோடினோ கட்டிபடாமல் தடுக்கும் மருந்தோ சேராத உப்பே நல்லது.

கொட்டும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். குவியலாகத் தட்டாமல் பரவலாகத் தூவி, பிரஷ்ஷால் தேய்த்துக் கரைத்து, ஒரு நாள் கழித்துச் சோதித்துவிட்டு இயந்திரத்தைப் போட வேண்டும்.

தினம் பார்க்க வேண்டியது

கன்ட்ரோல் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று இருந்துவிடுகிறார்கள். அந்த விளக்கு இயந்திரம் ஓடுவதைச் சொல்லுமே ஒழிய, தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. தண்ணீரைத் தண்ணீரிடமே கேட்க வேண்டும்.

குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கலாம். சோதனைக் குழாயில் டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இதில் ஒரு வம்பு உண்டு. குளோரின் மிதமிஞ்சிப் போனால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். நிறமே வரவில்லை, குளோரினே இல்லை என்று நினைத்து இயந்திரத்தை இன்னும் ஏற்றிவிடுவார்கள்! சந்தேகம் வந்தால் அதே தண்ணீரில் நல்ல தண்ணீரைக் கலந்து மறுபடி சோதிக்கலாம்.

அடுத்தது பி.எச். என்னும் காரத்தன்மை. உப்புக் குளத்தில் இது தானாகவே ஏறிக்கொண்டு போகும். 7.2 முதல் 7.6 வரை இருப்பது உத்தமம். 7.5-ல் குளோரினில் பாதி வீரியமாக இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குதான். இறக்குவதற்கு ஆசிட் வேண்டும். உப்புக் குளத்தில் ஆபத்தெல்லாம் இந்த ஆசிட் கேனில்தான் குடியிருக்கிறது. தண்ணீரில் ஆசிட்டை ஊற்றலாம். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. பிளீச்சிங் பவுடர் அள்ளிய மக்கில் ஆசிட்டை எடுத்தால், சிவ்ரியில் கசிந்த அதே வாயு நம் முகத்தெதிரே கிளம்பும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதும் வேண்டாம்.

திறந்தவெளிக் குளமானால் வெயில் ஓரிரு மணி நேரத்தில் குளோரினைத் தின்றுவிடும். சயனூரிக் அமிலம் என்ற மருந்தை அளவோடு போட்டால் நிற்கும். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' வந்தால் குளோரின் கூடிவிட்டது என்று பலர் புகார் எழுதுகிறார்கள். உண்மையில் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்ந்து எழுப்பும் வாடை. குளிக்காமல் குளத்தில் இறங்குபவர்களைத்தான் கேட்க வேண்டும்.

செல் கழுவும் முறை

சில மாதங்களுக்கு ஒரு முறை செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தகடுகளுக்கிடையே வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போன்ற வெள்ளைப் படிவு தெரிந்தால்தான் கழுவ வேண்டும். மாநகராட்சியின் ஏரித் தண்ணீரில் இது மெதுவாகவே படியும். டாங்கரில் வரும் போர்த் தண்ணீர் என்றால் வேகமாகப் படியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட் கலந்து, காற்றோட்டமான இடத்தில் சில நிமிடம் ஊறவைத்தால் நுரைத்துக் கரைந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் பூச்சு போய்விடும். பூச்சு போனால் செல் போயிற்று. அடிக்கடி ஆசிட்டில் கழுவினாலும் அதே கதிதான். நன்றாகப் பார்த்துக்கொண்ட செல்லே மூன்று முதல் ஐந்து வருஷம் உழைக்கும். சொசைட்டிக் கணக்கு எழுதும் அன்பர்கள் புதுச் செல்லுக்கு இப்போதிருந்தே கொஞ்சம் ஒதுக்கி வைப்பது நல்லது. செல் போன மாதத்தில் கமிட்டியிடம் கேட்டால் கிடைக்காது!

மும்பை மழை தனிக் கணக்கு. சராசரி 120 சென்டிமீட்டர் ஆழமுள்ள நிரம்பிய குளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு உப்பு வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். ஜூன், ஜூலையில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு ஒயர்

மின்சாரம் பாயும்போது குளோரினுடன் ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அது அடித்துக்கொண்டு போகப்படும். ஓட்டம் நின்ற பிறகும் மின்சாரம் பாய்ந்தால் வாயு உள்ளேயே திரண்டு, ஒரு பொறியில் செல் வெடித்துவிடலாம். அதற்காகவே, ஓட்டம் நின்றதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

நெல்லைத் தம்பி அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம், இயந்திரம் பழுதின்றி ஓடுவதைப் பார்த்தார். ஆனால் பம்பை நிறுத்திய பிறகும் விளக்கு அணையவில்லை. பெட்டியைத் திறந்தால், சுவிட்ச் என்றைக்கோ கெட்டுப் போயிருக்கிறது. முன்பு இருந்தவர் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை நாள் ஓடவில்லையா, கணபதி விழா முடியட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றார்களாம் மேலே இருப்பவர்கள்.

தம்பி வாதாடவில்லை. ஒயரைப் பிரித்து இயந்திரத்தை நிறுத்தினார். தினமும் மாலையில் எல்லோரும் கரையேறிய பிறகு, பத்து சதவீத ஹைப்போ திரவம் ஒன்றேகால் லிட்டரைக் கையால் அளந்து குளத்தைச் சுற்றி ஊற்றி வந்தார். கேன் வாங்கிய ரசீதுகளைத் தேதிவாரியாக ஆபீஸில் கொடுத்தார். ஒன்பதாம் நாள் புதுச் சுவிட்ச் வந்து சேர்ந்தது.