கரும்பலகை கீழே இறங்கியபோது

செயல்வழிக் கற்றல் நுழைந்த தொடக்கப் பள்ளிகளில் முதலில் கண்ணில் பட்ட மாற்றம் கரும்பலகையின் உயரம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் கை எட்டும்படி, சுவரின் அடிப்பகுதியில் அறையைச் சுற்றிலும் கறுப்பு வண்ணம் பூசி, பிள்ளைக்கு ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். கூரைக்குக் கீழே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களையும் செய்த பொருள்களையும் தொங்கவிட்டார்கள். கம்பிப் பந்தல் என்று அதற்குப் பெயர். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். குழந்தை கற்கும்போது பெரியவர் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் தந்த துணிச்சலான பதில் இது.

முறையின் வேர் ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே 1980களின் பிற்பகுதியிலிருந்து பத்மநாப ராவும் ராமாவும், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக, பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து அமைத்தனர். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003இல் அதை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார். பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக, 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் பரவியது.

அதன் இயக்கம் எளிது. ஒவ்வொரு பாடத்துக்கும் சுவரில் ஓர் ஏணிப்படி. ஒவ்வொரு படியிலும் யானை, முயல் போன்ற ஒரு சின்னம். அதே சின்னமுள்ள அட்டை தட்டில் இருக்கும். குழந்தை தன் படியைத் தானே பார்த்து, அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அது காட்டும் குழுவில் போய் உட்காரும். குழுக்கள் ஆறு: ஆசிரியர் முழுமையாக உதவுவது, ஓரளவு உதவுவது, சக மாணவர் முழுமையாக உதவுவது, ஓரளவு உதவுவது, தானே கற்பது, மதிப்பீடு. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்து, தான் விட்ட படியிலிருந்தே ஏறலாம். வகுப்பு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்ற பயம் அதற்கு இல்லை. வருகையையும் பிள்ளைகளே பதிந்தார்கள்.

இந்த ஏற்பாடு யாருக்குத் தேவை என்பதைக் கொடைக்கானல் மலையடிவாரம் தெளிவாகக் காட்டுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யம்பாளையம், மருதாநதி அணைக்குக் கீழே தென்னந்தோப்புகள் சூழ்ந்த பேரூராட்சி. அங்கிருந்து மேலே ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பித் தோட்டங்களின் கீழ்மலை. பெற்றோர் விடிந்ததும் வேலைக்குப் போய்விடும் வீடுகள் இங்கே நிறைய. மலைச் சிற்றூர்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு; ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது வழக்கமான நிலை. எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அத்தகைய பள்ளியில் தொடக்கத்திலேயே தோற்றுவிடும். தனித்தனி வேகமும், வயது கலந்த குழுவும் அங்கே ஆடம்பரமல்ல, அன்றாடத் தேவை.

பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லித்தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவர்களுக்குச் சட்டாம்பிள்ளைதான் பாதி ஆசிரியர். 1787இல் சென்னைக்கு வந்து, எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த வழக்கத்தைக் கண்டு தன் பள்ளியில் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளையின் வேலையில் கற்பித்தலோடு கண்காணிப்பும் கலந்திருந்தது. வாத்தியார் இல்லாதபோது பேசியவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் வகுப்புத் தலைவன் அவனுடைய வாரிசுதான். சக மாணவர் குழுவில் உட்காரும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் மீது அதிகாரம் கிடையாது. தான் நேற்று ஏறிய படியை இன்று அடுத்தவருக்குக் காட்டுகிறது, அவ்வளவே. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘மாணவர் பங்கேற்பு’ என்று பேசினால், பெரியவரின் பிரம்பு சிறியவர் கைக்கு மாறுவதோடு வேலை முடிந்துவிடும்.

உதவி எவ்வளவு, எதுவரை என்பதற்கு உளவியலில் ஒரு நல்ல உருவகம் உண்டு. ரஷ்ய அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி, குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள வெளியில்தான் கற்றல் நிகழ்கிறது என்றார். 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் அந்தத் துணையைக் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டனர். கொத்தனார் சுவர் எழும் உயரத்துக்கு ஏற்பச் சாரம் கட்டுவார், பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுவார். ஆறு குழுக்களின் வரிசையும் அப்படிப்பட்டதே: முழு உதவியில் தொடங்கி, உதவி படிப்படியாக விலகி, குழந்தை தனியாக நிற்கிறது. வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிக் கொடுக்கும் பெற்றோர் சாரத்தைப் பிரிக்க மறுக்கிறார். ‘நீயே படி’ என்று அறையில் விட்டுப் போகிறவர் சாரம் கட்டவே இல்லை.

செயல்வழிக் கற்றல் தடுமாறியதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அட்டைகள் கிழிந்தன; பதிவேடுகள் பெருகின. நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ஆறு குழுக்களையும் ஒருவரே கவனிப்பது கடினமாக இருந்தது. பாடப்புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத படிப்பைப் பெற்றோர் பலர் படிப்பாகவே ஏற்கவில்லை. பள்ளி மாறியதை வீட்டுக்கு விளக்கும் வேலை போதிய அளவு நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அட்டை இருந்தால் ஆசிரியர் தேவையில்லை என்று சிலர் புரிந்துகொண்டது இன்னும் பெரிய பிழை. பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்க ஆசிரியருக்கு நேரம் இருந்தால்தான் அந்த முறை உயிரோடு இருக்கும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலையில் திண்ணையிலும் வாசலிலும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அறிமுகமான அக்கா சொல்லித்தந்தது, பள்ளியை மறந்திருந்த பிள்ளைகளை மீண்டும் எழுத்துக்குக் கொண்டுவந்தது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலைப்படி பிரிக்கிறது. பழைய ஏணியின் எண்ணம் இதில் தொடர்கிறது. குழந்தை மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அதற்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் பாடம் தொடங்கும்.

உறவு சரியில்லாத இடத்தில் இவை எதுவும் நிற்காது. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை இன்னும் பெற்றோரே ஆசிரியரிடம் சொல்லி, ‘கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சார்’ என்று ஒப்படைத்துவிட்டுப் போவதுண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எல்லார் முன்பும் மட்டம் தட்டுவதும் அந்த இரண்டாவது சொல்லுக்குள் வரும். அடிக்குப் பயந்த பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது. அது தெரியாமல் எந்த ஆசிரியராலும் எந்தப் படியில் உதவுவது என்று முடிவு செய்ய இயலாது.

பங்கேற்பு இன்னும் பின்தங்கியே இருக்கிறது. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைத் தொடும் எல்லாவற்றிலும் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம், அதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்கிறது; இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அதே 1992இல் ஆய்வாளர் ரோஜர் ஹார்ட், பிள்ளைகளின் பங்கேற்பை அளக்க, எட்டுப் படிகள் கொண்ட இன்னோர் ஏணியை வரைந்தார். அதன் கீழ்ப்படிகளில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் அலங்காரம். பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஏந்தி, சிறப்பு விருந்தினருக்காக வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தோப்பு வேலைக்கும் எஸ்டேட் வேலைக்கும் போகும் அம்மாக்கள் தலைமையாசிரியரோடு சமமாக உட்கார்ந்து கழிப்பறையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேச அது வழி திறந்தது. பிள்ளைகளுக்கோ அந்தக் குழுவில் ஓர் இடம் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, பேருந்து எந்த வளைவில் நிற்காமல் போகிறது என்பதெல்லாம் பெரியவர்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.