நட்சத்திரம் மினுக்கினா யாருக்குத் தலைவலி?

மொட்டை மாடியில படுத்துப் பார்த்தா நட்சத்திரம் மினுமினுக்கும். நமக்கு அழகு, வானியலாளர்களுக்குத் தலைவலி. சூடும் குளிருமாகக் கலந்து ஓடும் காற்று ஒளியை அலைக்கழிப்பதுதான் காரணம்.

ஹவாயின் மவுனா கீ மலையுச்சியில் உள்ள கெக் தொலைநோக்கியில் 36 அறுகோணக் கண்ணாடிகள் சேர்ந்து 10 மீட்டர் அகலக் கண்ணாடியாக வேலை செய்யுது. ஒளி நிறையச் சேரும், ஆனா கலங்கித்தான் சேரும்.

1953-ல் ஹோரஸ் பாப்காக் ஒரு யோசனை சொன்னார்: காற்று கெடுத்ததைக் கண்ணாடியே சரிசெய்யட்டும். சென்சார் ஒளியலையின் கோணலை அளக்கும். கணினி கணக்குப் போடும். வளையக்கூடிய ஒரு சின்னக் கண்ணாடியை 349 ஆக்சுவேட்டர்கள் அதற்கு எதிராக வளைக்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை! நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்துல வர்ற ஃபீட்பேக் லூப்தான் இது.

அளக்கறதுக்குப் பக்கத்துல பிரகாசமான நட்சத்திரம் இல்லைன்னா? சுமார் 90 கி.மீ. உயரத்தில் உள்ள சோடியம் அணுக்களை லேசரால் ஒளிரவைத்து, செயற்கை நட்சத்திரம் ஒண்ணு செஞ்சுக்குவாங்க.

இந்தக் கூர்மையை வெச்சுத்தான் ஆண்ட்ரியா கெஸ் குழு பால்வீதி மையத்தில் நட்சத்திரங்கள் சுற்றும் பாதையைத் துல்லியமா அளந்தது. கண்ணுக்குத் தெரியாம அங்கே இருப்பது சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை! 2020-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைச்சது.