தரையில் அமர்ந்த கிட்டார்: ‘சக்தி’ குழுவின் தொடக்க ஆண்டுகள்

ராக் இசையில் 1960களின் இறுதியிலிருந்து ஒரு தனிக் கிளை வளர்ந்தது. மூன்று நிமிடப் பாட்டு, எளிதில் வாயில் நிற்கும் பல்லவி, ஆடுவதற்கேற்ற அடி என்ற வழக்கமான எல்லைகளைத் தள்ளிவைத்துவிட்டு, மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், கீழைநாட்டு மரபிசை ஆகியவற்றிலிருந்து நீண்ட வடிவங்களையும் சிக்கலான தாளக் கணக்குகளையும் எடுத்தாண்ட அந்தக் கிளையைக் கலை ராக் என்றும், ஜாஸோடு நெருங்கி நின்ற அதன் பகுதியை ஃப்யூஷன், அதாவது இணைவிசை, என்றும் விமர்சகர்கள் அழைத்தனர். வினோதமான குழுக்களுக்கு அதில் பஞ்சமே இல்லை. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மேடையை நாடக அரங்காக்கியவர்களும் உண்டு. ஆயினும் மின்கிட்டாரில் உலகப் புகழின் உச்சியில் இருந்த ஒருவர் அந்த மின்சாரத்தையே துறந்து, டிரம் செட்டையும் பேஸ் கிட்டாரையும் விலக்கி, வயலினுக்கும் கடத்துக்கும் நடுவே சம்மணமிட்டு அமர்ந்தது அவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலான செயல். ஜான் மக்லாக்லின் என்ற அந்த ஆங்கிலேயர் 1975 முதல் 1978 வரை நடத்திய ‘சக்தி’ குழுவின் முதல் மூன்று இசைத்தட்டுகள் தமிழ்க் காதுகளுக்கு மிக நெருக்கமானவை. ஆனாலும் தமிழில் அவை பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

1969இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்ச்சஸ் ப்ரூ’ பதிவில் வாசித்த மக்லாக்லின், 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். இரட்டைக் கழுத்துக் கிட்டாரும் பில்லி காப்ஹாமின் இடிபோன்ற டிரம்ஸும் சேர்ந்து எழுப்பிய ஒலியால் அக்குழு பெரும் அரங்குகளை நிறைத்தது. அதன் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் வந்தது. சொற்களே இல்லாத, தாளம் பிடிக்கக் கடினமான இசைக்கு அது அரிய வெற்றி. அதே காலத்தில் அவர் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தார். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்களான புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், மிருதங்கம் டி. ரங்கநாதன் ஆகியோர் கற்பித்த வெஸ்லியன், கடல் கடந்து அமைந்த கர்நாடக இசைக்கூடமாகவே அந்நாளில் விளங்கியது. ராமநாதபுரத்தைப் பெயரில் தாங்கிய மிருதங்க வித்துவான் ராம்நாட் வி. ராகவனும் அங்கே கற்பித்தார். வயலின் கலைஞர் எல். சங்கர் அங்கேயே இசை ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றார். ராக் உலகம் வினோதம் என்று பார்த்த ஒரு குழு இரவு விடுதியிலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ உருவாகாமல், பல்கலைக்கழக இசைத்துறையைச் சுற்றி உருவானது என்பதைக் கருத்தில் கொண்டால்தான் அதன் ஒழுங்கும் கட்டுப்பாடும் விளங்கும்.

சங்கரின் குடும்ப வரலாறு இலங்கைத் தமிழரின் வரலாற்றோடு பின்னியது. அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா இலங்கையில் இசை கற்பித்தவர்; 1958ஆம் ஆண்டு இனக் கலவரத்துக்குப் பின் அக்குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்ற மூன்று சகோதரர்களும் வயலினைப் பக்கவாத்தியம் என்ற நிலையிலிருந்து உயர்த்தித் தனி வாத்தியமாக நிறுத்த முனைந்தவர்கள். பாடகரைப் பின்தொடராமல் தானே பாடகரின் இடத்தில் நிற்கும் பழக்கம் சங்கருக்கு வீட்டிலிருந்தே வந்திருந்ததால்தான், பாடகர் இல்லாத ஒரு குழுவில் கிட்டாரோடு அவர் சரிநிகராக நடக்க முடிந்தது. மக்லாக்லின், சங்கர், ராகவன் ஆகியோரோடு பஞ்சாப் கரானாவைச் சேர்ந்த தபேலாக் கலைஞர் சாகிர் உசேனும், சென்னையிலிருந்து கடம் டி.எச். விநாயக்ராம் என்ற ‘விக்கு’வும் சேர்ந்தனர்.

கிட்டார் கர்நாடக இசைக்கு எளிதில் வளையாத வாத்தியம். வீணையில் மெட்டுகளின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அசைந்து செல்லும் கமகம்தான் ராகத்தின் உயிர். கிட்டாரிலோ தந்தி மரப்பலகையோடு ஒட்டிக் கிடப்பதால் அந்த அசைவுக்கு இடம் குறைவு. மக்லாக்லின் கருவியை மாற்றினார். ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் கிப்சன் நிறுவனத்துக்காக அவருக்கு உருவாக்கிய கிட்டாரில், மெட்டுகளுக்கிடையே உள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் அந்தக் குழிவு இடம் கொடுத்தது. வழக்கமான ஆறு தந்திகளுக்குக் குறுக்கே, ஒலித்துளையின்மேல் சாய்வாக ஏழு துணைத் தந்திகள் கட்டப்பட்டிருந்தன. வாசிக்கும் ராகத்துக்கேற்பச் சுருதி சேர்க்கப்பட்ட அவை, சிதாரின் அடித்தந்திகளைப் போலத் தாமாக அதிர்ந்து ஒலிக்கும். வேண்டும்போது விரலால் வருடவும் முடியும். தன் வாத்தியத்தையே அறுத்துச் செதுக்கும் அளவுக்கு மேற்கத்தியக் கலைஞர் ஒருவர் கீழ்த்திசை இலக்கணத்துக்கு இணங்கியது அந்நாளில் அபூர்வம். அக்காலப் பதிவுகள் பலவற்றில் சிதாரும் தபேலாவும் வெறும் நறுமணத்துக்காகத் தூவப்பட்டிருந்தன என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதில் மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று பதினெட்டு நிமிடம் ஓடும் ‘ஜாய்’, மற்றொன்று ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ‘லோட்டஸ் ஃபீட்’. தட்டின் மறுபக்கம் முழுவதையும் அரைமணி நேரத்துக்குச் சற்றே குறைந்த ஒரே உருப்படி நிறைக்கிறது. ‘ஜாய்’ தொடங்கும்போது கிட்டாரும் வயலினும் ஒரே சுரவரிசையை ஒரே வேகத்தில் சேர்ந்து ஓட்டுகின்றன. அந்த ஓட்டத்தில் ஒரு சுரம்கூட மங்குவதில்லை. ராகவனின் மிருதங்கம் ஒலிப்பது இந்த ஒரு தட்டில் மட்டுமே என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

ராகவன் விலகியபின் நால்வரான குழுவில் கடத்தின் நிலை அடியோடு மாறியது. கர்நாடகக் கச்சேரியில் கடம் உப பக்கவாத்தியம். மிருதங்கத்துக்குப் பின்னால் நின்று, தனி ஆவர்த்தனத்தில் தனக்குரிய சில நிமிடங்களைப் பெறுவது. 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்த விநாயக்ராம் அந்த மரபின் பணிவை நன்கு அறிந்தவர். அவரே இப்போது மிருதங்கம் இல்லாத வெளியில் தபேலாவுக்கு நேர் எதிராக அமர்ந்தார். பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அவர் எழுப்பிய ஆழ்ந்த கும்காரம் பேஸ் கிட்டாரின் இடத்தை நிரப்பியது; விரல்நுனிகளும் நகங்களும் மண்ணின்மேல் உதிர்த்த கூர்மையான ஒலிகள் மேல்தளத்தைக் கவனித்துக்கொண்டன. இருவருக்கும் தாளமுறை வேறு என்பதும் குறிப்பிடத்தக்கது. இந்துஸ்தானி மரபில் தேக்கா என்ற நிலையான சொல்வரிசையால் தபேலாவே தாளச்சுற்றைக் காட்டும். கர்நாடக மரபில் தாளத்தைக் கை போடும், வாத்தியம் பாட்டின் போக்கைத் தொடரும். இந்த இரண்டு பழக்கங்களும் ஒன்றையொன்று விழுங்காமல் நின்றதே ‘சக்தி’யின் சாதனை. இணைவிசை என்ற பெயர்கூட இக்குழுவுக்கு முழுமையாகப் பொருந்தாது. யாரும் யாரோடும் கரைந்துபோகவில்லை.

அதை மிகத் தெளிவாகக் காட்டுவது இரண்டாவது தட்டான ‘ஏ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. மூன்றில் முதலிடம் இதற்கே உரியது. அதன் முதல் உருப்படி தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலோடு தொடங்கி, அதே கணக்கை வாத்தியங்களுக்குக் கைமாற்றுகிறது. ‘இந்தியா’ என்ற நீண்ட உருப்படி அவசரமே இல்லாத ஆலாபனையாக விரிகிறது. ‘கிருதி’யில் கச்சேரி மேடையின் சாயல் நேரடியாகவே தெரிகிறது. 1977இல் வந்த ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ தட்டில் உருப்படிகள் சுருங்கின, எண்ணிக்கை கூடியது. துள்ளலான மெட்டுகள் அதிகமாகி ஆலாபனைக்கு இடம் குறைந்தது. இனிமை அதிலும் உண்டு, ஆனால் ராகம் மூச்சுவிடப் போதிய இடமில்லை.

பினாங்கு வாசகருக்கு இந்தக் காலம் வேறொரு வகையில் பரிச்சயமானது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் உருவாகி மின்னணு ஆலைகள் வந்த அதே பத்தாண்டில்தான், இத்தீவின் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு மேற்கத்திய பாப் இசையில் தேர்ந்து, மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெறும் பாதையில் நடந்தது. அது மொழியையும் சந்தையையும் தன்வசமாக்கிய வழி. ‘சக்தி’ சந்தைக்கு முதுகு காட்டிய வழி. இரண்டிலும் தமிழ்க் கலைஞர்கள் கிட்டாரோடு கைகோத்தார்கள். தைப்பூசத்தில் உருமி மேளத்தின் அடுக்கடுக்கான அடிகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, கடமும் தபேலாவும் மோதி விலகும் இடங்களைப் பின்தொடரத் தனிப் பயிற்சி தேவையில்லை. இங்குள்ள நுண்கலை ஆலயத்திலும் பிற பள்ளிகளிலும் மிருதங்கமும் வயலினும் பயிலும் பிள்ளைகளுக்கு இத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவது பாடத்தின் ஒரு பகுதியாகவே இருக்கலாம்.

விற்பனையில் இம்மூன்றும் மகாவிஷ்ணு தட்டுகளை எட்டவில்லை; 1978இல் குழு கலைந்தது, மக்லாக்லின் மின்கிட்டாருக்குத் திரும்பினார். 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் கூடியபின் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் ஆகியோர் அடுத்தடுத்து இணைந்தனர். 2023இல் வெளிவந்த ‘திஸ் மொமென்ட்’ மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் சாகிர் உசேன் மறைந்தார். பிற்காலப் பதிவுகளின் மெருகும் மகாதேவனின் குரல்வளமும் மறுக்க முடியாதவை. ஆனால் பாடகர் வந்து அமர்ந்ததும் மற்ற வாத்தியங்கள் இயல்பாகவே பக்கவாத்தியங்களாகிவிடுகின்றன. தொடக்க ஆண்டுகளில் பாட ஆளில்லாததால், அரைமணி நேரம் ஓடும் உருப்படியிலும் கிட்டாரும் வயலினும் கடமும் தபேலாவுமே முழுப் பொறுப்பையும் சுமக்க வேண்டியிருந்தது.