பழைய பென்ஸ் கூப்பேயும் மலையகத்து இறக்கமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிரேக்கைச் சூடாக்கும் அளவுக்கு ஓர் இறக்கம் கிடையாது. வன்னியிலும் இல்லை. ஏ9 வீதியில் எத்தனை வருடம் ஓடியிருந்தாலும், கண்டி தாண்டி மலை ஏறும்வரை ஒரு சாரதிக்கு அந்தப் பாடம் வருவதில்லை. போர் முடிந்து பாதை திறந்த பிறகு வடக்கிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் குடும்பங்கள் நிறைய. பாடசாலை விடுமுறை நாட்களில் கிரகரி வாவிக்கரையில் யாழ்ப்பாணத்துப் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம். வருகிற கார்களிலும் வான்களிலும் பல இப்போது ஓட்டோ கியர். ஏறும்போது அது பெரிய சுகம். இறங்கும்போது அந்தச் சுகமே ஆளை ஏமாற்றிவிடும். ஏன் என்பதை விளங்கப்படுத்த எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், 40 வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மன் கார்.

நான் ஹட்டனில் வளர்ந்தவன். இளவயதில் அங்கே ஒரு கராஜில் சில வருடங்கள் வேலை பழகினேன். அந்தக் கராஜுக்கு வந்துபோன கார்களில் ஒன்று மெர்சிடிஸ் பென்ஸ் 230 சிஇ. ஓய்வுபெற்ற தோட்டத் துரை ஒருவருடையது. இரண்டே கதவு, ஓட்டோ கியர்.

பென்ஸ் கம்பனி ‘123’ என்று இலக்கமிட்ட குடும்பத்தைச் சேர்ந்த கார் அது. அந்தக் குடும்பத்தில் எல்லா வகையும் சேர்த்து ஏறக்குறைய 27 இலட்சம் வாகனங்கள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் டாக்சியாக ஓடியதும் அதுதான். ஆனால் 1977இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த இரண்டு கதவுக் கூப்பே வகை 1985 வரை ஏறக்குறைய ஒரு இலட்சம்தான் செய்யப்பட்டது. நான்கு கதவுக் காரைவிட அதன் சக்கர இடைவெளி 85 மில்லிமீற்றர் குறைவு. முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் தூண் கிடையாது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டு முழுவதும் திறந்த வெளி, லிந்துலைக் காற்று ஒரு பக்கமாக வந்து மறுபக்கமாகப் போகும். 2.3 லீற்றர் இயந்திரம், 136 குதிரை வலு. இன்றைக்கு அது பெரிய வலு அல்ல. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனாலும் அந்தக் கார் அவசரப்படாது. துரையும் அவசரப்படமாட்டார்.

கல் போட்ட தோட்டத்து ரோட்டில்கூட உள்ளே இருப்பவருக்குக் கல் தெரியாது. மெத்தையான சஸ்பென்ஷன், சோபா போன்ற இருக்கை. அந்தக் கல்லை உடைத்துப் பரப்பியவர்களின் பிள்ளைகள் பிரசவ வலியோடு இருக்கும் தங்கள் பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே ரோட்டில்தான். இதைச் சொல்லாமல் அந்தக் காரின் சுகத்தை மட்டும் வர்ணிக்க என்னால் முடியாது.

இன்னொன்று அதன் இலக்கத் தகடு. நடுவில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து. இப்போது பழைய கார் விற்கிறவர்கள் ‘ஸ்ரீ நம்பர்’ என்பதை ஒரு பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த எழுத்து வாகனங்களில் வந்தபோது வடக்கு கிழக்கில் அதற்குத் தார் பூசிப் போராடினார்கள். 1958இல் அந்தப் போராட்டம் மலையகத்துக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். பழைய வாகனப் பிரியர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இனி கியருக்கு வருகிறேன்.

கையால் போடும் கியரில் இயந்திரத்தையும் சக்கரத்தையும் கிளச் தகடு இறுக்கிப் பிடித்திருக்கும். காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்தால், உருள்கிற சக்கரம் இயந்திரத்தைச் சுற்ற வேண்டும். இயந்திரம் லேசில் சுற்றாது, இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடிதான் இறக்கத்தில் நமக்கு இரண்டாவது பிரேக்.

பழைய ஓட்டோ கியரில் கிளச் தகட்டுக்குப் பதில் எண்ணெய். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுற்றும் அல்லவா? அதேபோல்தான் இதுவும், காற்றுக்குப் பதில் எண்ணெய், மூடிய பாத்திரத்துக்குள். ஒரு சக்கரத்தை இயந்திரம் சுற்றும், எண்ணெய் மற்றதைத் தள்ளும். கார் குலுங்காமல் வழுக்கிப் புறப்படுவது இதனால்தான். இந்த பென்ஸ் காலத்துப் பெட்டியில் அந்த இரண்டையும் இறுக்கிப் பூட்டும் வசதி கிடையாது. ஆகவே மேல் கியரில் இறங்கும்போது எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும், இயந்திரத்தின் பிடி சக்கரத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதோடு, கால் அக்சிலேற்றரில் இல்லை என்றதும் ‘சுமை இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பெட்டி தானாகவே மேல் கியருக்குப் போய்விடும். இறக்கத்தில் நமக்கு வேண்டியதற்கு நேர்மாறான வேலை.

அப்போது பாரம் முழுவதும் பிரேக்கில் விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 1,800 கிலோ வரும் ஒரு வாகனம் 1,000 மீற்றர் உயரம் கீழே இறங்கினால் வெளியாகும் சக்தி, 16 பாகையில் இருக்கும் 50 லீற்றர் தண்ணீரை 100 பாகைக்குச் சூடாக்கப் போதும். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குவது அதைவிடக் கூடிய உயரம். அந்தச் சூட்டில் ஒரு பகுதியைக் காற்றும் சில்லும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் உள்ளங்கை அகல பிரேக் பாட்டுகளுக்கும் டிஸ்க்குகளுக்கும். பாட்டு அளவுக்கு மீறிச் சூடானால் பிடி குறையும். பிரேக் எண்ணெய் வேறு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகைவரை கொதிக்காது என்றால், ஈரம் ஏறிய பிறகு 155 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். அந்த நேரத்தில் கால் கீழே தட்டும், வாகனம் நிற்காது.

ஜெர்மன்காரனுக்கும் அல்ப்ஸ் மலை இருக்கிறது, அதனால் அவன் இதை யோசித்தே வைத்திருந்தான். எங்கள் கராஜுக்கு வந்த காரின் கியர் லீவரில் ‘டி’க்குக் கீழே ‘எஸ்’, அதற்குக் கீழே ‘எல்’. சில வருட மாடல்களில் அந்த இடத்தில் 3, 2 என்று இலக்கம் இருக்கும். எஸ்ஸில் போட்டால் மூன்றாம் கியருக்கு மேல் போகாது. எல்லில் போட்டால் இரண்டாம் கியரோடு நின்றுவிடும். நான்காம் கியரில் வழுக்கிய கார் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு அடங்கி இறங்கும். துரையின் சாரதி நானுஓயாவிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது அந்த லீவரில் கை வைத்தபடிதான் இருப்பார். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருந்த கார், ஆனாலும் அவர் பிரேக்கை நம்பி இறங்கியதில்லை. சத்தம் கூடுகிறதே என்று பின்னால் இருப்பவர்கள் முணுமுணுத்தால் பதில்கூடச் சொல்லமாட்டார்.

உங்கள் வாகனத்திலும் இதே ஏற்பாடு வேறு பெயரில் இருக்கிறது. ஜப்பான் கார்களில் எல், எஸ் அல்லது 2. பல வான்களில் லீவரின் பக்கத்தில் ஓவர்டிரைவ் பொத்தான் இருக்கும், இறக்கத்தில் அதை நிறுத்திவிட வேண்டும், செங்குத்தாக இருந்தால் 2க்கு இறக்க வேண்டும். டொயோட்டா ஹைபிரிட் கார்களில் ‘பி’ என்ற நிலை உண்டு. அது பார்க் அல்ல, பிரேக்கைக் குறிக்கும் எழுத்து. ஹைபிரிட்டில் பிரேக் பிடிக்கும் சக்தி பற்றரிக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வாங்காது. பி நிலையில் இயந்திரமும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு முதன்முறையாக ஓட்டோ கியருக்கு மாறியவர்கள் பலர். வாங்கிய அன்றே இந்த எழுத்துகள் என்ன என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு பெற்றோல் இல்லாத வடக்கில் ஏ40களையும் மொரிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நீங்கள். ஒரு துளி எரிபொருளும் வீணாகாமல் ஓட்டிய கைகள் அவை. 2022 வரிசைகள் அந்த நினைவை மறுபடி கிளறின. அதனால் இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருளவிடுவது பலருக்குக் கைப்பழக்கம். சமதரையில் அது ஒரு மாதிரி. மலையில் வேண்டவே வேண்டாம். நியூட்ரலில் இயந்திரத்தின் பிடி துளியும் கிடைக்காது. மிச்சமும் இல்லை: இன்றைய இலத்திரனியல் எரிபொருள் முறை உள்ள வாகனங்கள், கியரில் இருந்தபடி காலை எடுத்துவிட்டு இறங்கும்போது எரிபொருளை அநேகமாக முற்றாக நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் இயந்திரத்தை உயிரோடு வைத்திருக்க எண்ணெய் எரிகிறது.

வேகமாகப் போகும்போது திடீரென்று எல்லுக்கு இழுக்காதீர்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு கீழ் கியருக்கு மாற்றுங்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வார்கள், அது இன்றும் சரி. மிதியில் காலை வைத்தபடியே இறங்காமல், பிடித்துக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். விடுகிற அந்த நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். எரிந்த வாடை வந்தாலோ மிதி பஞ்சாக இருந்தாலோ, அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சில்லுக்குக் கல் அல்லது கட்டை போட்டுவிட்டு அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடலாம், வெடிக்கவும் கூடும்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் வானொன்றோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். எல்லாரும் வானிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்தவர்கள். 2025 மே 11இல் றம்பொடை கெரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவை கார்களல்ல, பெரிய பஸ்கள். ஆனால் நீங்கள் இறங்கப்போவதும் அதே சரிவுகளில்தான். ரதல்லைப் பாதை குறுகலானது, செங்குத்தானது. தூரம் குறைவு என்று தொலைபேசி வரைபடம் அதைக் காட்டினாலும், மலைக்குப் புதியவர்கள் தலவாக்கலை பிரதான வீதியிலேயே போங்கள். பதினைந்து, இருபது நிமிடம் கூடப் போகலாம், அவ்வளவுதான்.