பயனாளி என்னும் குடிமகன்

அரசு விளம்பரங்களிலும் கட்சி மேடைகளிலும் குடிமகன் என்கிற ஆள் காணாமல்போய் வெகுகாலம் ஆகிறது. அந்த இடத்தில் ‘பயனாளி’ வந்து உட்கார்ந்திருக்கிறார். இதை வெறும் சொல் மாற்றமாக நான் பார்க்கவில்லை. பொருளாதாரக் கொள்கை குறித்துக் கட்சிகள் போடும் சண்டையைப் பார்த்து என் போன்றோருக்கு வரும் சலிப்பின் வேர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாகவே இருக்கிறார்கள்: அவர்கள் கொடுப்பவர்கள், நாம் வாங்குபவர்கள்.

‘இலவசம்’ பற்றிய விவாதத்தை எடுத்துக்கொள்வோம். 2006 தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி என்றது. 2011இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. இத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி தேர்தல் ஊழலாகா என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடவே நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி இதை ‘ரேவடி கலாச்சாரம்’ என்று சாடினார். ரேவடி என்பது வடநாட்டு எள்ளு மிட்டாய். டீக்கடைக்கு வந்து சேரும்போது இந்தச் சொல்லாடல் இப்படி ஆகிறது: “எங்க வரிப்பணத்துல இவனுங்களுக்கு ஓசிச் சோறா?”

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். ‘எங்க’ யார்? ‘இவனுங்க’ யார்? வருமான வரி கட்டுபவர் மட்டுமே வரி கட்டுபவர் என்கிற புனைவின் மேல்தான் இந்த எதிர்வு நிற்கிறது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி வந்தது முதல் 2025 செப்டம்பர் வரை குளியல் சோப்புக்கும் பற்பசைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 18 சதவீத வரி. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் ஆலை முதலாளிக்கும் அதே வீதம். 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசி, மாவு, தயிருக்கும் 5 சதவீதம் போட்டார்கள். ஓசிச் சோறு தின்பதாகச் சொல்லப்படுகிறவள் சோற்றுக்கே வரி கட்டியவள். அவள் கையில் ரசீது இல்லை, அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 22 அன்று அந்த 18 சதவீதம் 5 ஆனது. நல்லது. ஆனால் அதற்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: முதலில் ‘தீபாவளிப் பரிசு’, பிறகு ‘சேமிப்புத் திருவிழா’. எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை இனிக் குறைத்து எடுப்பதும் கொடையாகிவிடுகிறது! எடுக்கும்போது பெயரில்லாத கை, விடும்போது மட்டும் முகத்தோடு வருகிறது.

பெருமுதலாளிகள் விஷயத்தில் சொற்கள் வேறு. 2019 ஜூலையில் வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலைச் சொன்னார். அளவறிந்து வரி கொள், வயலில் புகுந்த யானையாகாதே என்பது அந்தப் பாட்டின் கருத்து. தமிழ் படித்தவர்களுக்குப் புல்லரித்திருக்கும். இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று, உள்நாட்டு நிறுவனங்களின் அடிப்படை வரி வீதம், வேறு சலுகைகளைக் கேட்காவிட்டால், 22 சதவீதம் என்றாக்கப்பட்டது. அதுவரை பெரிய நிறுவனங்களுக்கு 30. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. இதை யாரும் இலவசம் என்று சொல்லவில்லை, ‘ஊக்கம்’ என்றார்கள். வரிச் சலுகைகளால் அரசு விட்டுக்கொடுத்த தொகையை மத்திய வரவு செலவு ஆவணமே ஒரு காலத்தில் ‘கைவிட்ட வருவாய்’ என்ற தலைப்பில் கணக்குக் காட்டிவந்தது. 2010களின் நடுவில் அந்தத் தலைப்பும் ‘வரி ஊக்கங்களின் வருவாய் விளைவு’ என்று மாறிப்போனது. யானை புகுந்தது யார் வயலில் என்பதைப் பாட்டைத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, நம் ஊர்க் கட்சிகள்? மகளிர் தொகைக்கு ‘உரிமைத்தொகை’ என்று பெயர் வைத்ததை முக்கியமான நகர்வாகவே கருதுகிறேன். பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அதற்கு விளக்கமும் தரப்பட்டது. ஆனால் 2023 செப்டம்பர் 15இல் அது வந்து சேர்ந்தபோது கூடவே தகுதிப் பட்டியலும் வந்தது: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். உரிமை என்றால் மனுப் போட்டுத் தகுதியை நிரூபிப்பானேன்? பெயர் உரிமை, நடைமுறை சலுகை.

இன்னொரு கணக்கும் உண்டு. தொடக்கத்தில் அந்தத் தொகையைப் பெற்றவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். ஆண்டுக்கு ஏறத்தாழ 12,700 கோடி. 2023-24இல் மதுவிலிருந்து தமிழக அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். மதுச் சில்லறை விற்பனையை 2003இல் டாஸ்மாக்கின் கையில் கொடுத்தது அ.தி.மு.க. அரசு; பின்னால் வந்த தி.மு.க. அரசுகளும் அதைத் தொடர்ந்தன. வீட்டுக்காரரின் பாக்கெட்டிலிருந்து மூன்று மடங்குக்கும் மேல் எடுத்துவிட்டு வீட்டம்மாவின் கணக்கில் ஒரு பங்கு போடுகிறார்கள். நம் செய்தித்தாள்களில் ‘குடிமகன்’ என்றால் குடிப்பவன் என்று பொருளாகிப்போனது தற்செயலா என்ன?

இதைச் சொல்வதால் நலத்திட்டங்கள் வேண்டாம் என்கிற பக்கத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. அட்டை வைத்திருந்தால் போதும், ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் நிற்பவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. உரிமை என்பது இதுதான்.

ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்றவன் வழியில் எதிர்ப்பட்ட வறியவனை வள்ளலிடம் போகச் சொல்வான். இன்றைய அரசு விளம்பரத்தில் கைகூப்பி நிற்கும் பயனாளியின் படம் செய்வதும் அதைத்தான். பாணன் அரசனுக்கு வரி கட்டியவன் அல்லன். அதனால் கணக்குக் கேட்க அவனுக்கு வழியில்லை. நாம் கட்டியவர்கள். ‘இலவசம் சரியா, தப்பா’ என்கிற கேள்விக்கு எழுத்தாளர்களும் இயக்கத்தவரும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்த வேண்டும். அது அவர்கள் அமைத்துத் தந்த கேள்வி. யாரிடம் எவ்வளவு எடுத்தாய், யாருக்கு எவ்வளவு விட்டாய் என்பது நம் கேள்வி. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும் இதைக் கேட்கலாம்.